விளிம்பில் பறக்கும் விமானங்களும் கீழே நிற்கும் மக்களும்

பல விமானங்கள் மிகச் சிறிய இடைவெளியில் அணிவகுத்து, செங்குத்து வட்டமாகச் சுழன்றும், உருண்டும், தலைகீழாகப் பறந்தும், எதிரெதிரே வந்து விலகியும் மக்கள் முன் நிகழ்த்தும் வித்தை சாகச வான்காட்சி எனப்படுகிறது. உலகின் முக்கிய விமானப்படைகள் பலவும் இதற்கென்றே தனி அணிகளை வைத்திருக்கின்றன. பிரித்தானியாவின் ரெட் அரோஸ், அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ், அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ், இத்தாலியின் ஃபிரெச்சே திரிகொலோரி, இந்தியாவின் சூரிய கிரண் ஆகியன அவற்றுள் பெயர் பெற்றவை. இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2021 மார்ச்சில் கொழும்பு காலிமுகத்திடலின் வானில் சூரிய கிரண் அணி பறந்தபோது இந்நாட்டு மக்களும் இந்தக் கலையை நேரில் கண்டனர்.

வழமையான விமானப் பயணம் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், அதில் உயரமும் வேகமும் விமானங்களுக்கிடையிலான தூரமும் தேவைக்கு மேலாகவே இருப்பில் வைக்கப்படுவதாகும். இயந்திரம் நின்றாலும், விமானி தவறிழைத்தாலும், அந்த இருப்பு அவருக்குச் சிந்திக்க நேரம் தருகிறது. சாகச வான்காட்சியின் அழகோ இந்த மூன்று இருப்புகளையும் வேண்டுமென்றே செலவழிப்பதால்தான் உண்டாகிறது. விமானங்கள் தாழப் பறப்பதும், நெருங்கிப் பறப்பதும், வேகம் குன்றிய நிலையில் வானின் உச்சியில் புரள்வதுமே பார்ப்பவரை வியக்க வைக்கின்றன. எனவே வானில் செலவழிக்கப்பட்ட அந்தக் காப்பு இருப்பை நிலத்தில் விதிகளாகவும், தூரமாகவும், நிகழ்ச்சியை நிறுத்தும் துணிவாகவும் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். அவ்வாறு செலுத்தப்படாத இடங்களில் அதன் விலையைப் பல வேளைகளில் கீழே நின்றவர்களே கொடுத்திருக்கிறார்கள் என்பதை இத்துறையின் வரலாறு காட்டுகிறது.

கம்பஹா வானில் நிகழ்ந்த மோதல்

இலங்கையில் இதற்கான நேரடிச் சான்று 2011 மார்ச் 1ஆம் திகதி நிகழ்ந்தது. 1951 மார்ச் 2இல் தொடங்கப்பட்ட இலங்கை விமானப்படை தனது 60ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாடவிருந்த நிலையில், அதற்கு முதல் நாள் ஒத்திகையில் ஈடுபட்டிருந்த இரண்டு கிபிர் தாக்குதல் விமானங்கள் கம்பஹா மாவட்டத்தின் மேல் ஒன்றோடொன்று மோதி வீழ்ந்தன. விமானிகளுள் ஒருவரான ஃப்ளைட் லெப்டினன்ட் மொனாத் பெரேரா உயிரிழந்தார். மற்றவர் வெளியேற்று ஆசனத்தின் உதவியால், அதாவது ஆபத்தின்போது விமானியை இருக்கையோடு வெளியே எறிந்து பரசூட்டை விரிக்கும் பொறியின் உதவியால், உயிர் தப்பினார்.

வன்னி வாசகருக்குக் கிபிர் என்ற பெயர் ஒரு விமான வகையின் பெயராக மட்டும் ஒலிப்பதில்லை. போர்க்காலத்தில் அந்த இரைச்சல் கேட்டதும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை பதுங்குகுழிகளை நோக்கி ஓடிய காலத்தை நினைவில் கொண்டிருக்கும் தலைமுறை இன்னும் இங்கே வாழ்கிறது. அந்த நினைவுக்குரிய மரியாதையைக் குறைக்காமலே, கம்பஹா விபத்திலிருந்து பொதுவான ஒரு பாடத்தைப் பெறலாம். எதிரியின் தாக்குதலுக்கு முகங்கொடுக்கும் பயிற்சி பெற்ற விமானிகள், போர் முடிந்த பின்னர், தெளிவான நோக்கமுள்ள ஓர் ஒத்திகையில், தமது அணியின் மற்றொரு விமானத்தாலேயே ஆபத்துக்குள்ளாயினர். போர்ப்பயிற்சி தரும் திறமையும் காட்சிப் பறப்பு வேண்டும் திறமையும் ஒன்றல்ல என்பதே அந்தப் பாடம்.

ஒத்திகையிலேயே விபத்து நேர்வதும் தற்செயலானதன்று. 1996இல் பீதர் விமானப்படைத் தளத்தில் உருவாக்கப்பட்ட சூரிய கிரண் அணி, 2006 மார்ச்சில் அதே பீதரில் பயிற்சியின்போது இரண்டு விமானிகளை இழந்தது. 2019 பெப்ரவரி 19ஆம் திகதி, பெங்களூரின் யெலகங்கா தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி தொடங்குவதற்கு முதல் நாள், அவ்வணியின் இரண்டு ஹோக் விமானங்கள் ஒத்திகையில் மோதியதில் விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். மற்ற விமானத்திலிருந்த இருவர் வெளியேறித் தப்பினர். ஓர் அணி ஆண்டு முழுவதும் பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி பயிற்சியாகவும் ஒத்திகையாகவுமே கழிகிறது; புதிய இடத்தின் அடையாளங்களும் புதிய வரிசையும் அப்போதுதான் முதன்முறையாகப் பழகப்படுகின்றன. ஆனால் ஒத்திகை நடக்கும் நாளில் வீதிகள் மூடப்படுவதில்லை, மக்களுக்கு அறிவித்தல் கிடைப்பதில்லை, மருத்துவ அணிகள் தயார் நிலையில் நிறுத்தப்படுவதுமில்லை என்றால், ஆபத்து கூடிய நாளில் காப்பு குறைந்திருக்கிறது என்றே பொருள்.

வினாடிகளின் கணக்கு

மணிக்கு 720 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் ஒவ்வொரு வினாடியும் 200 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. அதே வேகத்தில் இரண்டு விமானங்கள் நேரெதிராக வரும்போது அவற்றுக்கிடையிலான தூரம் வினாடிக்கு 400 மீற்றர் வீதம் குறைவதால், ஒரு கிலோமீற்றர் இடைவெளி இரண்டரை வினாடியில் தீர்ந்துவிடும். அந்த வேகத்தில் 100 மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் மூக்கு 10 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்தால் அது மூன்று வினாடிக்குள் நிலத்தைத் தொட்டுவிடும். கண் கண்டதை மூளை உணர்ந்து கையை அசைப்பதற்கே ஒரு வினாடியளவு கழிந்துவிடுவதாலும், அசைந்த பின்னரும் விமானம் தன் பாதையை மாற்றிக்கொள்ள மேலும் நேரம் வேண்டியிருப்பதாலும், தவறு நேர்ந்த பின் திருத்துவதற்கு இங்கே ஏறக்குறைய இடமே இல்லை.

செங்குத்து வட்டம் என்னும் சாகசத்தில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. விமானம் மேலெழுந்து, உச்சியில் தலைகீழாகி, மறுபுறம் இறங்கித் தொடங்கிய உயரத்துக்கே திரும்ப வேண்டும். உடல் தாங்கும் விசை மாறாதிருக்க வேகம் இரட்டிப்பானால், அந்த வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே, உச்சியை அடையும்போது போதிய உயரம் இல்லாவிட்டால், இறங்கும் பாதியை முடிக்க நிலத்துக்கு மேல் இடம் போதாது. பிரித்தானியாவின் ஷோர்ஹாமில் 2015 ஓகஸ்ட் 22ஆம் திகதி பழைய ஹண்டர் ஜெட் விமானம் ஒன்று வீழ்ந்ததற்கு இதுவே காரணம் என அந்நாட்டு விமான விபத்து விசாரணைப் பிரிவு கண்டறிந்தது. குறைந்த வேகத்தோடு தொடங்கிய அந்த வட்டம், 3,500 அடி தேவைப்பட்ட உச்சியில் ஏறத்தாழ 2,700 அடியையே எட்டியது. அந்நிலையில் வட்டத்தைக் கைவிட்டு விலகியிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம்.

இதற்காகவே தேர்ந்த அணிகள் ஒவ்வொரு சாகசத்துக்கும் உச்சியில் ஓர் எல்லை அளவை முன்கூட்டியே வகுத்துக்கொள்கின்றன. உயரமோ வேகமோ அந்த அளவை எட்டாவிட்டால், விமானி யோசிக்காமல் சாகசத்தைக் கைவிட்டு நேர்நிலைக்குத் திரும்ப வேண்டும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் வகுத்த அளவைத் தொட்டதும், அணைக்கட்டு தாங்குமா எனச் சோதித்துப் பார்க்காமல் வான்கதவுகளைத் திறப்பதைப் போன்றதே இந்த ஒழுங்கு. அதன் பயன் முழுவதும், எல்லையை நிகழ்வுக்கு முன் வகுப்பதிலும், நிகழ்வின்போது அதனோடு வாதாடாமல் இருப்பதிலுமே தங்கியிருக்கிறது.

தலைவரைப் பின்தொடரும் பார்வை

அணிப் பறப்பில் இரண்டாவது ஆபத்து, அணியின் இயல்பிலேயே இருக்கிறது. அணித் தலைவர் மட்டுமே நிலத்தையும் வானையும் பாதையையும் பார்க்கிறார்; மற்றவர்களின் கண்கள் தலைவரின் விமானத்தில் குறித்த சில புள்ளிகளை விட்டு அகல்வதில்லை. அவ்வாறு பார்த்தால் மட்டுமே சில மீற்றர் இடைவெளியைக் காக்க முடியும். இதன் விளைவாக, தலைவரின் தவறு முழு அணியின் தவறாகிவிடுகிறது.

1982 ஜனவரி 18ஆம் திகதி அமெரிக்காவின் நெவாடா பாலைநிலத்தில் தண்டர்பேர்ட்ஸ் அணியின் நான்கு விமானங்கள் ஒரே வரிசையில் செங்குத்து வட்டத்தை முடித்து இறங்கியபோது, தலைமை விமானத்தின் வால் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட கோளாறினால் அது உரிய நேரத்தில் நிமிரவில்லை என விசாரணையில் முடிவானது. தலைவரையே பார்த்துக்கொண்டிருந்த மற்ற மூவரும் அவரோடு நிலத்தில் மோதினர், நால்வரும் இறந்தனர். 1995 டிசம்பர் 12ஆம் திகதி, மலேசியாவின் லங்காவி கண்காட்சியிலிருந்து திரும்பிய ரஷ்ய நைட்ஸ் அணியின் மூன்று சுகோய் விமானங்கள், வழிகாட்டிச் சென்ற பெரிய விமானத்தைப் பின்தொடர்ந்து வியட்நாமின் காம் ரான் தளத்தை நெருங்குகையில் மோசமான வானிலையில் மலைச்சரிவில் மோதின. நான்கு விமானிகள் உயிரிழந்தனர். அங்கே சாகசம் எதுவும் நிகழவில்லை. அணியாகப் பின்தொடரும் பழக்கமே ஆபத்தாக மாறியது.

இந்த ஆபத்தைக் குறைப்பதற்கு நிலத்தில் இன்னொரு கண் தேவைப்படுகிறது. அணியில் பறக்காத, ஆனால் அணியின் ஒவ்வொரு அசைவையும் அறிந்த ஒருவர் கீழே வானொலித் தொடர்போடு நின்று, எந்நேரத்திலும் நிறுத்தும்படி கட்டளையிடும் அதிகாரம் பெற்றிருப்பது அதற்கான ஏற்பாடுகளில் ஒன்று. ஒவ்வொரு பறப்பையும் ஒளிப்பதிவு செய்து, பதவி வேறுபாடின்றி ஒவ்வொருவரின் தவறையும் அன்றே பேசித் திருத்தும் வழக்கம் மற்றொன்று. கீழ்நிலை விமானி தலைவரின் தவறைச் சுட்டிக்காட்ட அஞ்சும் அணியில், எவ்வளவு நவீன விமானம் இருந்தாலும் பாதுகாப்பு இருக்காது.

உடலின் எல்லை

விமானம் கூர்மையாகத் திரும்பும்போதோ மேலெழும்போதோ விமானியின் உடல் தன் எடையைப் போல் நான்கு, ஐந்து, ஏழு மடங்கு விசையை உணர்கிறது. இதனை ‘ஜி’ விசை என்பர். அவ்விசை இரத்தத்தைத் தலையிலிருந்து கால்களை நோக்கித் தள்ளுவதால், முதலில் பார்வை மங்கி, பின்னர் நினைவே தப்பிவிடக்கூடும். நினைவு திரும்பச் சில வினாடிகளும், நிலையுணர மேலும் சில வினாடிகளும் ஆகும். தாழப் பறக்கும் விமானத்துக்கு அந்த வினாடிகள் கிடைப்பதில்லை.

2007 ஏப்ரல் 21ஆம் திகதி தென் கரோலினாவில் புளூ ஏஞ்சல்ஸ் விமானி ஒருவர் இவ்வாறு தன்னிலை இழந்ததால் உயிரிழந்தார் எனக் கடற்படை விசாரணை கூறியது. 2011 ஓகஸ்ட் 20ஆம் திகதி இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் ரெட் அரோஸ் அணியின் ஜொன் எகிங், காட்சியை முடித்துவிட்டுத் தரையிறங்கத் திரும்புகையில் இதே விசையின் பாதிப்புக்கு உள்ளாகியிருக்கலாம் என விசாரணை முடிவுசெய்தது. நித்திரைக் குறைவு, நீரிழப்பு, உணவைத் தவிர்த்தல், சிறு காய்ச்சல் ஆகிய எல்லாமே இந்த விசையைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. ஆகவே, சுகமில்லை என்று சொல்லும் விமானியைக் கோழையாகப் பார்க்காமல், அவர் அணியைக் காத்தவராகப் பார்க்கும் பண்பாடு ஒவ்வொரு படையிலும் வேரூன்ற வேண்டும்.

கீழே நிற்பவர்கள்

ஆபத்தை அறிந்து அதனை ஏற்றுக்கொண்டவர் விமானி. பார்வையாளர் அந்த ஆபத்தை அரைகுறையாகவே அறிவார். வீதியில் செல்பவரும் வீட்டில் இருப்பவரும் அதனை ஏற்றுக்கொண்டதே இல்லை. பாதுகாப்பின் அளவுகோல் இந்த மூன்றாம் வகையினரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

1952 செப்டெம்பர் 6ஆம் திகதி இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு விமானம் வானிலேயே உடைந்து சிதறியதில், அதிலிருந்த இருவரோடு பார்வையாளர் 29 பேரும் இறந்தனர். அதன்பின் வகுக்கப்பட்ட தூர விதிகளால் அந்நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்சி விமானங்களால் பொதுமக்கள் எவரும் உயிரிழக்கவில்லை. அந்நிலையை முறித்த 2015 ஷோர்ஹாம் விபத்தில் இறந்த 11 பேரும் காட்சித் திடலுக்கு வெளியே, நெடுஞ்சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்களே. வேலிக்குள் நின்ற கூட்டத்துக்காக வகுத்த விதிகள் வேலிக்கு வெளியே இருந்தவர்களைப் போதியளவு கருதவில்லை என்பதை அவ்விபத்து வெளிப்படுத்தியது.

1988 ஓகஸ்ட் 28ஆம் திகதி மேற்கு ஜேர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலிய அணி இதய வடிவை வானில் வரைந்தபோது, அந்த இதயத்தை ஊடறுத்து வரவேண்டிய தனி விமானம் உரிய நேரத்துக்கு முன்னதாகவும் தாழ்வாகவும் வந்து மற்ற இரு விமானங்களோடு மோதியது. அது பார்வையாளர்களை நோக்கிப் பறந்துகொண்டிருந்தமையால் எரியும் சிதைவுகள் கூட்டத்தின் நடுவே வீழ்ந்தன; மூன்று விமானிகள் உட்பட 70 பேர் இறந்தனர். காயமடைந்தவர்களை மீட்பதில் அமெரிக்க, ஜேர்மனிய அணிகளுக்கிடையே ஒருங்கிணைப்பு இருக்கவில்லை. இரு தரப்பினரின் சேலைன் ஊசி இணைப்புகள்கூட ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 2002 ஜூலை 27ஆம் திகதி உக்ரைனின் லிவிவ் நகருக்கு அருகே ஒரு சுகோய் விமானம் கூட்டத்தினுள் பாய்ந்ததில் 77 பேர் உயிரிழந்தனர். விமானிகள் இருவரும் வெளியேறித் தப்பினர். திட்டத்தில் இல்லாத சாகசத்துக்கு முயன்றமை குறித்து விமானிகளும், ஏற்பாட்டின் குறைகள் குறித்து அதிகாரிகளும் பொறுப்பாளிகளாக்கப்பட்டனர்.

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. 2010 மார்ச் 3ஆம் திகதி ஐதராபாத்தின் பேகம்பேட்டையில் இந்தியக் கடற்படையின் சாகர் பவன் அணியின் விமானம் ஒன்று குடியிருப்புக் கட்டடத்தின் மீது வீழ்ந்தது. விமானிகள் இருவரும் இறந்தனர், கீழே இருந்தவர்களும் காயமடைந்தனர்.

இத்தகைய அனுபவங்களிலிருந்தே இன்று உலகம் பின்பற்றும் இரண்டு அடிப்படை விதிகள் பிறந்தன. பார்வையாளருக்கும் காட்சிக் கோட்டுக்கும் இடையே விமானத்தின் வேகத்துக்கேற்ற தூரம் இருக்க வேண்டும் என்பது முதலாவது. அமெரிக்க விதிகளில் மிக வேகமான ஜெட் விமானங்களுக்கு அது 1,500 அடி, அதாவது ஏறத்தாழ 450 மீற்றர். சாகசத்தின்போது விமானத்தின் வேகமும் திசையும் கூட்டத்தை நோக்கி அமையக் கூடாது என்பது இரண்டாவது. அப்படியானால், விமானம் உடைந்தாலும் சிதைவுகள் கூட்டத்தை விட்டு விலகியே செல்லும்.

கூட்டமும் வெயிலும்

விமானம் எதுவும் வீழாமலே வான்காட்சி உயிர்களைப் பறிக்கக்கூடும் என்பதைச் சென்னை மெரினா காட்டியது. இந்திய விமானப்படையின் 92ஆவது ஆண்டையொட்டி 2024 ஒக்டோபர் 6ஆம் திகதி நடந்த காட்சியில் வானில் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. ஆனால் கடற்கரையில் நண்பகல் வெயிலில் இலட்சக்கணக்கில் திரண்ட மக்கள் குடிநீரும் நிழலும் வெளியேறும் வழியும் போதாமல் தவித்தனர். ஐந்து பேர் இறந்தனர், பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

வட மாகாணத்துக்கும் இந்தப் பாடம் தொலைவானதன்று. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளை மீறி முன்னேறியதால் நிகழ்ச்சி இடைநிறுத்தப்பட்டது. அதே திடலில் அடுத்த மாதமே விமானப்படையின் ஆண்டு நிறைவுக் கண்காட்சியும் நடைபெற்றது. பெருங்கூட்டத்தை வரவேற்கும் ஆர்வம் அதனைக் காக்கும் ஏற்பாட்டை முந்திச் செல்வதே இத்தகைய நிகழ்வுகளின் பொதுவான குறை.

வன்னி நிலத்துக்குரிய நிலைமைகள்

வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படைத் தளங்கள் உள்ளமையால், வன்னியின் மேல் பயிற்சியும் காட்சியும் நிகழ்வது புதிதன்று. தட்டையான நிலமும் பரந்த வயல்வெளியும் தாழப் பறப்பதற்கு வாய்ப்பாகத் தோன்றினாலும், இங்கே தனியாகக் கருத வேண்டிய மூன்று நிலைமைகள் உண்டு.

முதலாவது, பறவைகள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களும், சுண்டிக்குளம், கொக்கிளாய், நந்திக்கடல் ஆகிய கடல்நீரேரிகளும் நீர்ப்பறவைகளின் வாழிடங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் மாரிக்காலம் தொடங்கிப் பங்குனி வரை இங்கே தங்குகின்றன. பெப்ரவரி 4இல் வரும் சுதந்திர தினமும் மார்ச் 2இல் வரும் விமானப்படை நாளும் அந்தக் காலத்துக்குள்ளேயே அமைகின்றன. 2020 மே 17ஆம் திகதி கனடாவின் கம்லூப்ஸ் நகரில் ஸ்னோபேர்ட்ஸ் அணியின் விமான இயந்திரத்துக்குள் ஒரு பறவை அகப்பட்டதால், புறப்பட்ட சில வினாடிகளிலேயே அவ்விமானம் வீழ்ந்து கப்டன் ஜெனிஃபர் கேசி உயிரிழந்தார்.

இரண்டாவது, வெப்பம். 15 பாகை செல்சியசில் உள்ள காற்றைவிட 35 பாகையில் உள்ள காற்று 6 வீதத்துக்கு மேல் அடர்த்தி குறைந்தது. அதனால் இயந்திரத்தின் உந்துவிசை குறைகிறது. சாகசத்துக்கு வேண்டிய உயரமும் இடமும் கூடுகின்றன. குளிர்ந்த காலையில் பழகிய வரிசையை வெப்பமான மதியத்தில் அப்படியே நிகழ்த்த முடியாது.

மூன்றாவது, மனித நினைவு. தாழப் பறக்கும் ஜெட் விமானத்தின் முழக்கம் இங்குள்ள பலரை இன்றும் உலுக்குகிறது. ஒத்திகை நாளையும் நேரத்தையும் கிராம அலுவலர்கள், பாடசாலைகள், ஆலயங்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், வானொலி ஆகியவற்றின் வழியாகத் தமிழில் முன்கூட்டியே அறிவிப்பது மரியாதையின் பாற்பட்டது. திடுக்குற்று வீதியில் தடுமாறும் மோட்டார் சைக்கிளோட்டியையும் பதறி ஓடும் முதியவரையும் காப்பதால், அது பாதுகாப்பின் பாற்பட்டதும் ஆகும்.

சிறிய அளவிலான காட்சிகளும் விதிவிலக்கல்ல. 2025 மே 9ஆம் திகதி மாதுறு ஓயாவில் இராணுவச் சிறப்புப் படையின் பயிற்சி நிறைவு விழாவில் பங்கேற்ற பெல் 212 உலங்கு வானூர்தி நீர்த்தேக்கத்தில் வீழ்ந்ததில், அதிலிருந்த 12 பேரில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் சிறப்புப் படையினர், இருவர் விமானப்படையினர்.

கேட்கப்பட வேண்டியவை

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை உலக சிவில் விமானப் போக்குவரத்தின் அடிப்படைச் சட்டமாகும். ஆனால் இராணுவ விமானங்கள் உள்ளிட்ட அரச விமானங்கள் அதன் வரம்புக்கு வெளியே உள்ளன. பயணிகள் விமானத்துக்குக் கிடைக்கும் சர்வதேச மேற்பார்வை காட்சி விமானத்துக்குத் தானாகக் கிடைப்பதில்லை. ஆகவே விதிகளை வகுப்பதும், பின்பற்றுவதும், மீறலை வெளிப்படுத்துவதும் அந்தந்த நாட்டின் பொறுப்பாகிறது. அந்தப் பொறுப்பை நினைவூட்டுவது குடிமக்களின் உரிமையாகிறது.

வன்னியில் ஒரு வான்காட்சி அறிவிக்கப்படுமானால், மாவட்டச் செயலகமும் பிரதேச சபைகளும் பொது அமைப்புகளும் சில கேள்விகளை முன்வைக்கலாம். காட்சிக் கோடு கூட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது? அதன் இரு முனைகளின் கீழும் வீடுகள், பாடசாலைகள், ஏ-9 போன்ற வீதிகள் உள்ளனவா? ஒத்திகை நாளிலும் அதே காப்பு உண்டா? நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது, விழாவின் பிரமுகர்கள் காத்திருந்தாலும் அவர் அதனைப் பயன்படுத்துவாரா? தீயணைப்புப் பிரிவும், நோயாளர் காவு வண்டிகளும், மாவட்ட மருத்துவமனையும், அனர்த்த முகாமைத்துவப் பிரிவும் ஒரே திட்டத்தில் இணைந்துள்ளனவா? குடிநீரும் நிழலும் வெளியேறும் வழிகளும் வரவிருக்கும் கூட்டத்துக்கு ஏற்றவையா? இவற்றுக்கு எழுத்தில் விடை தர இயலாத ஏற்பாட்டாளர் காட்சியை நடத்தத் தயாராக இல்லை என்றே கொள்ள வேண்டும்.

விபத்து நேர்ந்தால், அதன் விசாரணை அறிக்கை மக்கள் படிக்கும் வகையில் மும்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். பிரித்தானியா ரெட் அரோஸ் விபத்துகளின் விசாரணை அறிக்கைகளை வெளியிட்டு வருவதால், ஓர் அணியின் இழப்பிலிருந்து உலகின் மற்ற அணிகளும் கற்றுக்கொள்ள முடிகிறது. விபத்தின் காரணத்தை மறைப்பது, உயிரிழந்த விமானிக்குச் செய்யும் அநீதியாகும். அதே காரணத்தால் நாளை இன்னொருவர் இறக்க இடமளிப்பதும் ஆகும்.

சாகச வான்காட்சி மனிதத் திறமையின் உயர்ந்த வெளிப்பாடுகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அதனை விரும்பிப் பார்ப்பதிலும் தவறில்லை. ஆனால் பறக்கும் உயரத்தைக் கூட்டியோ, ஒரு சாகசத்தைக் குறைத்தோ, வானிலை பொருந்தாத நாளில் முழு நிகழ்ச்சியையும் கைவிட்டோ ஓர் உயிர் காக்கப்படுமானால், அந்த முடிவை எடுத்த அணியே சிறந்த அணி. அத்தகைய முடிவை ஏமாற்றமாகக் கருதாமல் பாராட்டக் கற்றுக்கொண்ட மக்கள், விமானிகளையும் தம்மையும் ஒருசேரக் காப்பவர்களாவர்.